சோற்றில் கரண்டியை நட்டு வைக்காதீர்கள்

முதல் நாள்

ரொறன்ரோவில் அந்தக் கொரிய உணவகத்தில் நான் வாங்கிய முதல் ஏச்சு, கிம்ச்சி என்கிற காரமான கோவா ஊறுகாய்த் தட்டு ஒன்றுக்காக. ஒரு கொரியக் கிழவர் கேட்டார், கொடுத்தேன். வலக்கையால்தான் கொடுத்தேன். முதலாளியம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு நொண்டி. ஆகவே அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"ஒற்றைக் கையால் பெரியவருக்குக் கொடுக்காதே. வலக்கை கொடுக்கட்டும், இடக்கை அதைத் தாங்கட்டும்."

செய்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில் ஐயரிடம் விபூதி வாங்குவதும் அப்படித்தானே! அதன் பிறகு கை விஷயத்தில் எனக்கு ஏச்சு விழவில்லை.

பக்கத்தில் ஹோட்டல்கள் இருந்ததால் வெளிநாட்டுப் பயணிகள் நிறைய வருவார்கள். அவர்களுக்கு முறை சொல்லிக்கொடுப்பது நாளடைவில் என் வேலையாயிற்று. மேசையில் மூத்தவர் சாப்பிடத் தொடங்கும்வரை பொறுங்கள். உங்கள் கோப்பையில் நீங்களே ஊற்றாதீர்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடாதீர்கள். சின்னத் தட்டுகளில் வரும் கறிகளுக்குக் காசில்லை, திரும்பவும் கேட்கலாம். நம்முடைய ஆட்கள் வந்தால் இந்தக் கடைசி விதியை மட்டும் சொல்லாமலே பிடித்துக்கொள்வார்கள்.

பரிமாறுகிற எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போனால், அவர் திரும்பி வந்து போதும் என்று சொல்லும்வரை தட்டில் கை வைக்கக் கூடாது.

கரண்டி

இலங்கையில், வன்னியில், போர் கடைசித் துண்டு நிலத்துக்கு ஒடுங்கிக்கொண்டிருந்த வசந்தம் அது. என் தம்பி குமரன் மனைவி பிள்ளைகளோடு உள்ளே இருந்தான். வாரக்கணக்காகக் குரல் இல்லை. வேலை நேரத்தில் கைபேசி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து லாச்சியை இழுத்து அதற்குள் போட்டுவிட வேண்டும். நான் அதை ஏப்ரன் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது நடுங்காதபோதும் நடுங்குவது போலவே இருக்கும். தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

அப்படித் தொட்டுக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம், பயணி ஒருவர் படம் எடுப்பதற்காகத் தன் கரண்டியைச் சோற்றில் நேராகக் குத்தி நிறுத்திவிட்டார். அடுத்த மேசைக் கொரிய மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளியம்மா ஓடிவந்து, சிரித்த முகத்தோடு கரண்டியை எடுத்துப் பக்கத்தில் கிடத்தினார். சிரிப்பெல்லாம் சமையலறைக் கதவு வரைக்கும்தான்.

"அப்படிக் கரண்டி நட்டால் அது செத்தவர்களுக்குப் படைக்கிற சோறு. பக்கத்தில் நின்றாயே, கண் எங்கே?"

தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கைபேசியையும் எடுத்துக் காட்டினேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். பின்னேரம் நாங்கள் வேலையாட்கள் பின்மேசையில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு போட்டு, மூடியால் மூடி, மேசையின் கடைசியில் வைத்தார்.

"உன் தம்பிக்கு. வெளியே போனவன் போன இடத்தில் பசி கிடக்கக் கூடாது என்று எங்கள் வீடுகளில் வைப்போம். பிறகு யாராவது சாப்பிடலாம். நாளைக்குப் புதிதாக வைப்போம்."

அவருடைய மாமா அவர்கள் நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் அகப்பட்டுப் போனவராம். அம்மா தினமும் தன் தம்பிக்கு இப்படி வைப்பாராம்.

"வந்தாரா?" என்று கேட்டேன்.

"அம்மா சாகும்வரை வைத்தார்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

போர் முடிந்த அன்று

தொலைக்காட்சியில் போர் முடிந்ததென்று சொன்னார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் சனம் நிறைந்த எங்கள் அப்பார்ட்மென்ரில் ஒரு கதவு திறக்கவில்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் வேலைக்கு வந்துவிட்டேன். கோப்பை கழுவும் சிவம் அண்ணையும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர்.

பின்னேரம் மேசைக்குப் போனேன். தம்பியின் கிண்ணம் மூடி இல்லாமல் இருந்தது. சோற்றில் கரண்டி நேராக நின்றது. பக்கத்தில் ஒரு சாம்பிராணிக் குச்சி.

"ஆர் இது செய்தது?"

"நான்தான் பிள்ளை." சிவம் அண்ணை ஈரக் கையோடு நின்றார். "உள்ளுக்க ஒருத்தரும் மிச்சமில்லையெண்டு சனம் கதைக்குது. முதலாளியம்மா தன்ர செத்த மனுசனுக்கு வருசா வருசம் இப்பிடித்தானே படைக்கிறவ. தம்பிக்கும் ஒரு மரியாதையா இருக்கட்டுமெண்டு..."

"உங்களுக்கு ஆர் சொன்னது அவன் செத்திட்டானெண்டு? உங்கட மரியாதையைக் கொண்டுபோய்..."

வயதில் மூத்தவர். மிச்சத்தை விழுங்கினேன். அந்தக் கரண்டியைத் தொடவும் பயமாக இருந்தது.

முதலாளியம்மா வந்தார். இரண்டு கையாலும் கரண்டியைப் பிடுங்கினார். குச்சியை அணைத்தார். சோறு ஆறாமல் வைக்கும் சூட்டுப்பெட்டியிலிருந்து புதுக் கிண்ணம் எடுத்து வந்து மூடியோடு வைத்தார்.

"செய்தி வந்ததா?"

"இல்லை."

"அப்படியென்றால் கரண்டி இல்லை."

செய்தி

சில வாரம் கழித்து, ஒரு மேசையில் இறைச்சி வாட்டிக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தபோது ஏப்ரன் பை உண்மையாகவே நடுங்கியது. இடுக்கியையும் கத்தரிக்கோலையும் வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பின்கதவுக்கு ஓடினேன். முகாமிலிருந்து தம்பியின் மனைவி.

"மச்சாள், நானும் பிள்ளையளும் இருக்கிறம்."

"தம்பி?"

"ஆமிக்காரர் ஆம்பிளையளை வேற லைனில விட்டவை. இவரை பஸ்ஸில ஏத்தினவை. ஏறேக்க எங்களுக்குக் கை காட்டினவர். பிறகு ஒரு தகவலும் இல்லை மச்சாள்."

"நடந்துதானே ஏறினவன்?"

"ஓம். தானாத்தான் ஏறினவர்."

தானாக ஏறினான் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு எத்தனையோ இடத்தில் விசாரித்தோம். இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தப் பயம் சாவுச் செய்தியைவிடக் கொடியது. சாவென்றால் அழுது முடிக்கலாம்.

முதலாளியம்மா ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மேசைகளை நான்தான் பார்க்கிறேன். அந்தக் கிண்ணத்தை மட்டும் நான் வைப்பதில்லை. சிவம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் வைத்துவிட்டுப் போவார். அவரும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, கைமுறை, கரண்டிமுறை எல்லாம் போகப் போகப் பழகிவிடும். ஆனால் பின்மேசையின் கடைசியில் மூடிய கிண்ணம் ஒன்று இருக்கும். ஆள் இல்லையே என்று எடுத்துக் கழுவப் போட்டுவிடாதீர்கள். பாதியில் எழுந்து போனவர் அவர். இன்னும் வந்து போதும் என்று சொல்லவில்லை.