கட்டிலுக்கடியில் செருப்பு

எழுமலையில் கிணறு வற்றிவிட்டதால் அத்தையும் மாமாவும் நேற்று எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

காலையில் கீழ்வீட்டு ஓனர் அம்மா மாடிப்படியில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டார்.

"விருந்தாளிகளா தம்பி? எப்பக் கிளம்புறாக? இருக்கிற ஆளுகளுக்கே தொட்டித் தண்ணி பத்தல."

"சாயங்காலம் போயிருவாகம்மா" என்று பொய் சொல்லிவிட்டு, செருப்புகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"நாங்க ஊருக்கே போயிரவா மாப்ள?" என்றார் மாமா.

மாலையில் வீடு திரும்பும்போது ஓனர் அம்மா வீட்டு வாசலைப் பார்த்தேன். ஒரு செருப்புகூட இல்லை. ஆனால் உள்ளே, வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளின் குரலும் பேரப்பிள்ளைகள் சத்தமும்.

என்னைக் கண்டதும், "டிவி ஓடுது தம்பி" என்று கதவைச் சாத்தினார்.

எல்லோருக்கும் தொட்டி ஒன்றுதான். நாளை தண்ணீர் லாரி வருமா, தெரியாது.

உங்கள் கட்டிலுக்கடியில் எத்தனை ஜோடி?