பதினோரு சனியும் ஒரு பட்டனும்

என் வீட்டுக்காரர் காளிதாசனுக்கு எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வியாதி உண்டு. பிஸ்கட் பாக்கெட், தலைவலி மாத்திரை, கல்யாண மண்டபத்து நாற்காலி, எதுவும் தப்பாது. என்னைப் பெண் பார்க்க கோலா கெத்திலுக்கு வந்த அன்று, என் அம்மா தட்டில் கொட்டப்போன மிக்சர் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது போன மாசமே முடிஞ்சிருச்சு அத்தை" என்றார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடவேண்டியதாயிற்று.

கேட்டால், "எழுதியிருக்கு, படிச்சேன்" என்பார். அவ்வளவுதான் மனுஷன். பொய் சொல்லத் தெரியாது என்று சொல்லமாட்டேன், அது பெரிய வார்த்தை. கேட்டால் சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் வாயே திறக்கமாட்டார்.

அலோர் ஸ்டார் மெர்கோங்கில் ஒரு சாவிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் மூன்று பேர். முதலாளி தர்மலிங்கம், அவரை பாஸ் என்போம். புரோகிராம் எழுதுவது இவர். மற்ற எல்லாம் நான். சம்பளச் சீட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று போட்டிருக்கும். பாஸுக்கு நான் 'பாப்பா'. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை டிம்பாங்கில் எடை போட்டு, ரசீது அடித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் எங்கள் சரக்கு.

போன வருஷம் எங்கள் ஊரிலேயே ஒரு செம்பனைக் கம்பெனி, தன்னுடைய ஆறு ஆலைகளுக்கும் ஒரே மென்பொருளாகப் போடப்போகிறது என்று தெரிந்தது. பாஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "இது கெடைக்கலன்னா மாசக் கடைசில இங்க கடைய மூடிட்டு நான் ஜொகூருக்குப் போயிருவேன். மச்சான் அங்க கூப்பிட்டுட்டே இருக்கான். நீங்களும் வர்றதுன்னா வாங்க" என்றார். ஜொகூர் என்ன பக்கத்துத் தெருவா? முட்டிவலியோடு கோலா கெத்திலில் தனியாக இருக்கும் அம்மாவை வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். ஜொகூரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிசயம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று மென்பொருளே சொல்லவேண்டும். யாரோ தட்டச்சு செய்துகொண்டு வரும் பட்டியல் ஆகாது.

இதை இவர் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். ஒரு புரோகிராமை முழுசாக ஒருவரே எழுதுவது கிடையாதாம். தேதி பார்க்க ஒன்று, ரசீது அச்சடிக்க ஒன்று என்று உலகத்தில் யார் யாரோ எழுதிவைத்த பேக்கேஜுகளை எடுத்துப் போட்டுக்கொள்வார்களாம். ஒவ்வொரு பேக்கேஜும் கணினிக்குள் நுழையும்போது தன் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்துவிடுமாம். பெயர் என்ன, எத்தனையாவது வெர்ஷன், எழுதியவர் யார், என்ன உரிமம், கூடவே வேறு எது வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமே உள்ளிருந்தபடி, "என்கூட யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டு அந்தச் சீட்டுகளைப் படிக்கலாமாம்.

பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கும் வியாதிக்காரருக்கு இது கசக்குமா? மூன்றே நாளில் ஒரு பக்கத்தைச் செய்துவிட்டார். திறந்தால் நாற்பத்து மூன்று பேக்கேஜுகள் வரிசையாக வந்து நின்றன. கீழே 'சரிபார்' என்று ஒரு பட்டன். சீட்டு வரும்போது ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் இன்னொரு தாளில் பதிவாகி வருமாம். சீட்டில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் ரேகை ஒத்துப்போகாது, அந்த வரி சிவப்பாகிவிடும். கையேட்டைத் தட்டச்சு செய்தவள் நான் என்பதால் எனக்கு இது தெரியும். பாஸ் கையேடெல்லாம் படிக்கிற ஜாதி இல்லை.

பாஸ் படிப்பதெல்லாம் எண் மட்டும்தான். சுங்கை பட்டாணியில் ஒரு எண் ஜோசியரிடம் மாதாமாதம் போய்வருவார். கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி, கிட்டே சேர்க்கக்கூடாது. எங்கள் அலுவலகக் கதவு எண் இருபத்தாறு. அதற்குப் பக்கத்தில் ஒரு ஒன்றை ஒட்டியபிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார். தபால்காரர் ஒரு வருஷம் எங்களைத் தேடி அலைந்தார். எங்கள் மென்பொருளுக்கும் 2.6 என்று ஒரு வெர்ஷன் கிடையாது. 2.5க்குப் பிறகு நேராக 2.7.

அப்படிப்பட்டவர் இந்தப் பக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வெர்ஷனாகக் கூட்டினார். பாதியில் நெற்றி வியர்த்துவிட்டது.

"காளி, பதினோரு எட்டுடா! இத்தன சனிய உள்ள வச்சுக்கிட்டா நான் வியாபாரம் பண்ணிட்டு இருந்தேன்?"

"அது மத்தவங்க எழுதுனது பாஸ். அவங்க வச்ச நம்பர்" என்றார் இவர்.

"சீட்டுலதான எழுதியிருக்குன்னு சொன்ன? சீட்ட மாத்து."

"மாத்துனா சரக்கு மாறாது பாஸ். பேர் மட்டும்தான் மாறும்."

"சரக்கு எதுக்கு மாறணும்? எனக்கு எட்டு போனா போதும் லா."

இரண்டு நாள் இவர் மாட்டேன் என்றார். மூன்றாம் நாள் பாஸ், ஜொகூருக்கு லோரி வாடகை பேசும் சத்தம் கதவு தாண்டிக் கேட்டது. நானும் என் பங்குக்கு, "உங்க நேர்மைய வச்சு எங்கம்மாவுக்குத் தைலம் தேய்க்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் வந்த வார்த்தைதான், ஆனால் கேட்டது கேட்டதுதான். அன்று சாயங்காலம் இவர் பதினோரு சீட்டையும் திறந்து, ஜோசியர் வாட்சாப்பில் அனுப்பிய எண்களைப் போட்டார். முகத்தைப் பார்க்க, யாருக்கோ விஷம் கலக்குகிற மாதிரி இருந்தது.

மறுவாரம் மூவரும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். மென்பொருளைச் சோதிக்கும் அதிகாரி தலீலா. அப்பா காலத்திலிருந்தே இந்த ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார். லோரி டிம்பாங், ரசீது, எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பேக்கேஜ் பக்கத்தைத் திறந்து, தன் மடிக்கணினியில் இருந்த ஏதோ ஒரு பட்டியலோடு ஒப்பிட ஆரம்பித்தார். ஒன்பதாவது வரியில் நின்றார்.

"இந்த தேதி பேக்கேஜ், 3.1.5 போட்டிருக்கு. இது பெலும் கெலுவார் லா. இன்னும் வெளியவே வரல. உங்களுக்கு எப்படிக் கெடச்சிச்சு?"

 ஜோசியர் கூட்டுத்தொகையைத்தானே பார்த்தார், அப்படி ஒரு வெர்ஷன் உலகத்தில் பிறந்திருக்கிறதா என்று யார் பார்த்தது?

பாஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாங்க எப்பவும் ஒரு படி முன்னாலதான் மேடம்" என்றார்.

தலீலா பக்கத்தை அடிவரை உருட்டி, 'சரிபார்' பட்டனை அழுத்தினார்.

அந்தப் பட்டனை இவர் எடுத்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சீட்டை மாற்றிய கை, அதைக் காட்டிக்கொடுக்கும் பட்டனை விட்டுவைக்குமா? விட்டுவைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பதினோரு வரியும் சிவப்பானது. ஜொகூரில் வீடு தேடவேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"யார் மாத்துனது?" என்றார் தலீலா.

"நான்தான் மேடம்" என்றார் இவர், உடனே.

"ஏன்?"

"கூட்டுனா எட்டு வந்துச்சு."

இவர் பாஸ் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாஸ் தரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கடைசியில், "நான்தான் மேடம் மாத்தச் சொன்னேன். அவன் முடியாதுன்னுதான் சொன்னான்" என்றார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

தலீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "நாலு கம்பெனி வந்துச்சு. யாருமே இந்த மாதிரி ஒரு பட்டன் வைக்கல. சொந்த முதலாளியவே காட்டிக்கொடுக்குற புரோகிராம நான் இப்பதான் பாக்குறேன். நாளைக்குப் பத்து மணிக்கு உண்மையான லிஸ்ட்டோட வாங்க. ஒரு சிவப்பு இருந்தாலும் வேணாம்."

திரும்பும் வழியில் காரில் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பட்டன எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்தேன். ரெண்டு தடவ எடுத்தேன்."

"அப்புறம்?"

"தூக்கம் வரல. திரும்பப் போட்டுட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

பதினோரு பேக்கேஜையும் அன்று மத்தியானமே இவர் சுத்தமாக மறுபடியும் போட்டுவிட்டார். எட்டுகள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தன. பாஸ் ஒத்துக்கொண்டார், ஆனால் சும்மா இல்லை. சாயங்காலம் கோயிலில் அந்தப் பதினொன்றின் பேருக்கும் அர்ச்சனை செய்தால்தான் நாளைக்குக் காரை எடுப்பேன் என்றார். சரி என்று பதினோரு அர்ச்சனைத் தட்டோடு போய் நின்றோம்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார் குருக்கள்.

இவர் கைப்பேசியை எடுத்துவைத்துக்கொண்டு பாஸிடம் திரும்பினார். "எந்தப் பேரு பாஸ்? சிலதுக்கு உள்ள போடுறப்ப ஒரு பேரு, புரோகிராம்ல கூப்பிடுறப்ப வேற பேரு."

"ஐ.சி.ல உள்ள பேரச் சொல்லு" என்றார் பாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, பேக்கேஜுக்கும் அடையாள அட்டை இருப்பதுபோல.

"டேட்பிட்."

குருக்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தவர்தானே. "நட்சத்திரம்?"

"பொறந்த தேதி சீட்டுல இல்ல சாமி. எழுதுனவங்க பேரு இருக்கு, லைசென்ஸ் இருக்கு. சொல்லவா?"

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் பூக்கூடையைக் கீழே போட்டுவிட்டார். ஏதாவது ஒரு நட்சத்திரத்தைச் சொல்லித் தொலையுங்கள் என்று இவர் முதுகில் கிள்ளினேன். தெரியாததை எப்படிச் சொல்வது என்று நெளிந்தார். கடைசியில் குருக்களே மனமிரங்கி, பதினோரு தட்டையும் சாமி பேருக்கே அர்ச்சனை செய்து கொடுத்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு தலீலா பட்டனை அழுத்தினார். நாற்பத்து மூன்றும் பச்சை. ஒப்பந்தத் தாளை எடுத்து பாஸ் முன்னால் வைத்தார். எனக்குப் பாதி மூச்சு வந்தது. அப்போதுதான் அவர், "டெக்னிக்கல் பொறுப்பாளர் ஐ.சி. நம்பர் ஒரு தடவ சரிபாத்துக்கலாம்" என்று சொல்லி, இவருடைய அட்டையை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"எட்டு நாலு, சுழியம் எட்டு, ஒண்ணு ஏழு..."

பேனாவைத் திறந்த பாஸின் கை அந்தரத்தில் நின்றது. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம், வருஷம் மாசம் நாள் என்று, பிறந்த தேதி என்பது இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது? உதடு அசைந்தது. ஒன்றையும் ஏழையும் கூட்டிவிட்டார்.

"காளி. நீ பதினேழாந்தேதியா?"

"ஆமா பாஸ்."

"ஆகஸ்ட்டு பதினெட்டுலதான பாப்பா கேக் வாங்கிட்டு வரும்? வருஷா வருஷம் நான் சாப்ட்டிருக்கனே?"

"கேக்கப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கல பாஸ்."

பாஸ் என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, முடி கலைந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் வேலை கேட்டு வந்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, என் மேசைமேல் இருந்த பசை டப்பாவைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார். படிவத்தில் பிறந்த தேதியைப் பார்த்தேன். இதை பாஸ் பார்த்தால் இந்த ஆள் மறுபடி இந்தப் படியேறமாட்டார் என்று தெரிந்தது. "எல்லாம் சரியா இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு, அதை அலமாரியின் கடைசித் தட்டில், பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கேக்கும் வருஷா வருஷம் ஒரு நாள் தள்ளித்தான் வரும்.

 தலீலாவுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாஸ் இவரை ஏற இறங்கப் பார்த்தார், தான் வாங்கிய ஒரு சாமானை முதல்முறையாகத் திருப்பிப் பார்ப்பதுபோல. இவரோ, பாஸ் இன்னும் ஏதாவது கேட்பாரா என்று பதிலோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பத்து வருஷமா நல்லாத்தானே ஓடிட்டிருக்கு" என்று பாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையெழுத்தைப் போட்டார்.