காட்டிய மெமரியும் இருந்த மெமரியும்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, விடத்தல்தீவில் எங்கள் வீடு எழும்பும் வரைக்கும் நானும் கணவரும் உப்புக்குளத்தில் ஓர் அறை எடுத்துக் கலியாண வீடியோ செய்து கொடுத்தோம். அவர் படம் எடுப்பார். வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு டிவிடியாக்குவது என் வேலை. அங்கே இருந்தபோது ஒரு ஸ்டூடியோவில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆகவே எப்படிப்பட்ட கொம்பியூட்டர் வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

பட்டினத்துக் கொம்பியூட்டர் கடைக்காரர் திரையில் ஓர் இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "பாருங்கோ அக்கா, வீடியோ மெமரி ஒரு ஜீபி."

நானும் வாசித்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. வாங்கி வந்தோம்.

முதல் வேலை பேசாலைக் கலியாணம். மோதிரம் மாற்றும் இடத்தில் ரோசாப்பூ விழ வைத்தேன். திரையில் மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து போனார். வீடியோ மெமரி போதாது என்று எழுத்து வந்தது. மூடித் திறந்தேன். மறுபடியும் அதே வாய், அதே பூ.

எரிச்சலோடு, கடைக்காரர் காட்டிய அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தேன். ஒரு ஜீபி என்பது மொத்தம். அதற்குக் கீழே, வீடியோவுக்கென்றே ஒதுக்கியது வெறும் அறுபத்து நாலு எம்பி. மிச்சமெல்லாம் பங்கு. நேரே கடைக்குப் போனேன்.

"ஒரு ஜீபி எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"ஓம், இருக்குதுதானே."

"அது பங்கெல்லோ! ஆரோட பங்கு?"

"றாமோட, கொம்பியூட்டரின்ர பொது மெமரியோட. இதில தனி வீடியோ கார்ட் இல்லை அக்கா. படத்துக்குத் தேவைப்பட்டால் றாமில இருந்து எடுக்கும்."

"அப்ப றாமுக்கே தேவைப்பட்டால்?"

"ரெண்டுக்கும் ஒரே நேரத்தில தேவைப்படாது அக்கா."

"எனக்கு எந்த நேரமும் ரெண்டுக்கும்தான் தேவைப்படுது!"

வீட்டில் கணவர், கொம்பியூட்டர் தொடங்கும்போது வரும் நீலத் திரைக்குள் போய், வீடியோவுக்கு ஒதுக்கும் அளவைக் கூட்டிவிட்டார். பூ விழுந்தது. ஆனால் அந்த அளவு றாமில் குறைந்துவிட்டதால், ஒவ்வொரு காட்சியும் திறப்பதற்குள் நான் உலையே வைத்துவிட்டு வரலாம்.

"திருப்பிக் குறையுங்கோ."

"இப்பதானே கூட்டச் சொன்னனீ!"

இந்தச் சண்டைக்கு நடுவில் மணமகளின் தாய் வந்து கதிரையில் இருந்தார். "பிள்ளை, திங்கட்கிழமை எங்கட ஆள் ஒண்டு இந்தியாவுக்குப் பிளேன் ஏறுது. மூத்தவன் இன்னும் அங்க முகாமிலதான். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு வர ஏலாமப் போச்சு. அந்த ஆளிட்ட வீடியோக் கொப்பி குடுத்துவிட வேணும்."

அதற்குமேல் என்ன செய்ய? பூ, இதயம், சுழலும் சட்டம் எல்லாவற்றையும் அழித்தேன். வெட்டி ஒட்டியதும் பாட்டும் மட்டுந்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் பார்க்க வந்தார்கள்.

"பூ ஒண்டும் விழேல்லையே?" என்று மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

கோயில் வாசலில் சொந்தக்காரர் வரிசையாக நிற்கும் இடம் வந்தது. "நிப்பாட்டு பிள்ளை" என்றார் தாய். நிற்பாட்டினேன். நிற்பதில் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி கெட்டிதான். அவர் திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இவையளை அவன் கண்டு எத்தினை வருசம். இந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டி விடுவியோ?" நீட்டி விட்டேன். மகளும் கிட்ட வந்து அதைத் திருப்பிப் போடச் சொன்னாள். கொப்பி திங்கட்கிழமை போய்விட்டது.

பிறகு கடைக்காரர் கொழும்பிலிருந்து தனி மெமரியுள்ள வீடியோ கார்ட் ஒன்று எடுப்பித்துத் தந்தார். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் உள்ளே பூட்டினால், எங்கள் ஒல்லிப் பெட்டிக்கு அது உயரம். பெட்டியின் மூடியைப் போட முடியவில்லை. இந்த உப்புக் காற்றில் திறந்து வைத்தால் கறள் பிடிக்காதா என்று கேட்டேன்.

"மூடி இல்லாட்டி நல்ல காத்தோட்டம் அக்கா" என்றார் அவர்.

இந்த மனிதரோடு இனி என்ன பேசுவது? கணவர் திறந்த பெட்டியைத் தூக்க, நான் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.