பீலித் தண்ணீரை எண்ணியவள்

பிள்ளைகளே, போன வாரம் டெலிவிஷனில் ஒருவர் வந்து, இப்படியே போனால் உலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போய்விடும் என்று சொன்னபோது, நம் தகரக் கூரையில் கொட்டிய மழையின் சத்தத்தில் அவர் பேச்சே சரியாகக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். "அந்தாள நுவரெலியாவுக்கு வந்து சொல்லச் சொல்லுங்கப்பா" என்று சின்னவள் சொன்னதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். உங்களைக் கோபித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. இதே சிரிப்பை ஒன்பது வயதில் நானும் சிரித்திருக்கிறேன், உங்களைவிடச் சத்தமாக. வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்திட்டிலிருந்து ஒரு மூங்கில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் நாங்கள் "பீலி" என்போம். மேலே காட்டுக்குள் இருந்த ஊற்றின் தண்ணீர் அதன் வழியாக வந்து ஒரு கருங்கல்லின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மூடி கிடையாது, திருகு கிடையாது, அதை அடைக்கலாம் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. பிறந்ததிலிருந்து கேட்பதால் அந்தச் சத்தம் எங்களுக்குச் சத்தமாகவே படாது. காய்ச்சல் வந்து காது அடைத்தால்தான், ஏதோ ஒன்று நின்றுபோனது போலத் தெரியும்.

பெண்கள் குடத்தைப் பீலிக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், அடுப்பை ஊதி, பிள்ளையை ஓர் அடி போட்டுவிட்டு, ஆறுதலாக வந்து எடுப்பார்கள். அதுவரைக்கும் வழிந்த தண்ணீர் பக்கத்து வடிகால் கானில் இறங்கி ஆற்றுக்குப் போகும். அதை வீண் என்று யாரும் சொன்னதில்லை. மழை மாதங்களில் துணி காயாது, விறகு பிடிக்காது, சுவர் ஓதம் குடித்துக் கறுக்கும், கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற "படங்கு" சாக்கு ஈரத்தோடு தொங்கி ஈரத்தோடு திரும்ப ஏறும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் தேவைக்கு மேல் கிடக்கிற ஒன்று. அதிலிருந்து எப்படித் தப்புவது என்பதுதான் எங்கள் கவலை.

உங்கள் தெய்வானை அத்தை, என் அக்கா, அப்போது ஏழாம் வகுப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், அதற்கு மேல் படிப்பதென்றால் டவுனுக்கு இறங்கி நடக்க வேண்டும். எங்கள் லயத்திலிருந்து அப்படி நடந்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். டீச்சராக வர வேண்டும் என்பது அவள் ஆசை. வேலைக்குப் போகிற தாய்மார் புள்ளமடுவத்தில் விட்டிருக்கிற குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, அவர்கள் அழ அழ "அ" சொல்லிக் கொடுப்பாள். ஒருநாள் நனைந்து வந்தவள், தலையைக்கூடத் துவட்டாமல், வாத்தியார் சேர் வகுப்பில் பேப்பர் வாசித்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"உலகத்துல தண்ணி கொறஞ்சுக்கிட்டே வருதாம்மா. நாங்க பெரிய ஆளாகும்போது குடிக்கிற தண்ணிக்குச் சண்ட வருமாம்."

பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த முத்தையா மாமாதான் வாசலில் எட்டிப் பார்த்தார். திருவிழாவில் தப்படிப்பவர், தப்பைவிட வாய் பெரிது.

"ஏம்மா தெய்வான, ஒங்க சேர் வீட்டுக் கூரை ஒழுகாதா? எங் காம்பராவுல வந்து ஒருநாள் படுக்கச் சொல்லு. சட்டி வச்சே கை ஓஞ்சு போயிரும், தண்ணி ஓயாது."

அம்மா சிரித்துச் சிரித்து ரொட்டியைக் கருக விட்டாள். "படிக்கப் போட்டா இப்பிடித்தான், தெனமும் ஒண்ணத் தூக்கிக்கிட்டு வருவா" என்றாள். அதில் பெருமையும் இருந்தது.

அந்த வருஷம்தான் தோட்டத்து மேனேஜர் துரை மேல்காட்டை வெட்டச் சொன்னார். தேயிலை காய வைக்கிற ஸ்டோருக்கு விறகு வேண்டும், காட்டை வெட்டிவிட்டு "டர்பன்டைன்" நடப்போகிறார்கள் என்றார்கள்; யூகலிப்டஸ் மரத்துக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். அப்பாவும் முத்தையா மாமாவும் வெட்டப் போனார்கள். கூடுதலாக வேலை கிடைத்தது, கிளையும் கொப்பும் வீட்டுக்கு வந்தன, எங்கள் வாசலில் முதன்முதலாக ஆள் உயரத்துக்குக் காய்ந்த விறகு அடுக்கியிருந்தது. அந்த மாதங்களில் எங்கள் லயம் சந்தோஷமாக இருந்தது. இதை நான் உங்களுக்கு மறைக்கக் கூடாது.

அக்கா மட்டும் பீலிக்கடியில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வராமல், பக்கத்திலேயே குந்தியிருந்து ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். வெட்டு தொடங்கியபோது முப்பது எண்ணுவதற்குள் நிரம்பிய குடம், மழை இல்லாத நாட்களில் நாற்பதைத் தொட்டது. பிறகு ஐம்பதுக்குப் போனது. அதையெல்லாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். மரம் வெட்டுகிறவர்கள் ஊற்றுப் பக்கம் நெருங்கிவிட்டார்கள் என்று அப்பா சொன்ன அன்று, அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஊத்தச் சுத்தி இருக்கிற மரத்த மட்டும் விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க மாமா. நீங்க போய்ச் சொன்னா தொரை கேப்பாரு."

தலைவர் நல்ல மனுஷர். கொப்பியை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். "நான் தனியா போய்ப் பேச ஏலாது புள்ள. ஞாயித்துக்கெழம ஆளுங்கள வரச் சொல்றேன். எல்லாருக்கும் முன்னால எண்ணிக் காட்டு. சனம் சரின்னு சொன்னா, மறுநாளே நான் தொரைய பாக்குறேன்" என்றார். அக்கா வீட்டுக்கு ஓடியே வந்தாள்.

சனிக்கிழமை பகல் முழுக்க அடை மழை.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது பீலி கை மொத்தத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, வெல்லப்பாகு நிறத்தில். லயத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், பெண்கள் பேன் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குடத்தை வைத்து எண்ணினாள். பதினைந்து வருவதற்குள் குடம் நிரம்பி அவள் பாவாடையெல்லாம் நனைத்துவிட்டது. ஒரே சிரிப்பு.

"இது ஊத்துத் தண்ணி இல்ல மாமா" என்றாள் அக்கா. "வெட்டுன எடத்துல இருந்து எறங்குற மழைத் தண்ணி. கலரப் பாருங்க. நாலு நாள் கழிச்சு எண்ணுவோம், நாலே நாள்."

"கண்ணு முன்னால கொட்டுற தண்ணிய இல்லங்குதே இந்தப் புள்ள!" என்றார் முத்தையா மாமா.

ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. குனிந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கைக்குள் மண் அடியில் தங்குவதை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். சிரித்தவர்களும் அவரைப் பார்த்து அடங்கினார்கள். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. என் அக்காவை எல்லாரும் பார்க்கிறார்கள், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கத்தினேன்:

"தண்ணிக் கணக்கப்புள்ள வந்துட்டாங்க! எல்லாரும் பெரட்டுக்கு வாங்கோ!"

வேலைத்தளத்தில் எங்கள் பெயரைக் குறிக்கிற, எங்களை ஏசுகிற கணக்கப்பிள்ளையின் பெயரை ஈரப் பாவாடையோடு நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வைத்ததும் லயமே வெடித்துச் சிரித்தது. ஒரு கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, போய்ப் படி புள்ள" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே ஊற்றடி மரங்களும் சாய்ந்தன. அதில் ஒன்றின் கொப்பை எரித்து அம்மா எனக்கு வடை சுட்டுத் தந்தாள், நான் தின்றேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைவர் போய்ப் பேசியிருப்பாரா, பேசினால்தான் துரை கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

டர்பன்டைன் மரங்கள் விறுவிறுவென்று வளர்ந்தன. இரண்டு வருஷத்தில், தை மாசிப் பனியில் தேயிலை கருகும் நாட்களில், பீலி விரல் மொத்தமாகி, பிறகு நூலாகி, ஒரு நாள் நின்றது. மழைக்குத் திரும்ப வந்தாலும் மண்ணாகத்தான் வந்தது, குடிக்க முடியவில்லை. நல்ல தண்ணீருக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்துக்குப் போக வேண்டும். இறங்கி ஏற ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம். அம்மா காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும், பிந்தினால் அன்றைய வேலை இல்லை. ஆண்பிள்ளைகள் குடம் தூக்குகிற வழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை, நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. முதலில் அக்கா வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகு இரண்டு நாள், பிறகு போவதே நின்றது. ஒன்பதாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அவளுடைய சேர் அவ்வளவு தூரம் ஏறி வந்து வாசலில் நின்று கேட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்க முடியாமல், முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். "எனக்கு இருக்கிறது ரெண்டு கை சேர். ஒண்ணு தோட்டத்துக்கு, ஒண்ணு புள்ளைங்களுக்கு. தண்ணிக்கு எந்தக் கையக் குடுக்க, நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். அக்கா அப்போது பள்ளத்தில் இருந்தாள், அவர் வந்துபோனது அவளுக்குப் பொழுது சாய்ந்துதான் தெரியும். கேட்டுவிட்டு, இறக்கி வைத்த குடத்தை நகர்த்தி வைத்தாள்.

இதில் என்னை இன்றைக்கும் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. பீலி நின்ற பிறகும் எங்கள் லயத்தில் ஒருவரும், அந்தப் பிள்ளை அன்றைக்குச் சொன்னாளே என்று சொல்லவில்லை. மழை ஏமாற்றிவிட்டது என்றார்கள். கீழ் டிவிசன்காரர்கள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்றார்கள். சாமிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று கிடாய்கூட வெட்டினார்கள், முத்தையா மாமா தப்படித்தார். அவள் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை, மறந்துவிட்டார்கள். நான் வைத்த பெயரை மட்டும் மறக்கவில்லை. அக்கா கழுத்தில் தாலி ஏறிய பிறகும் "தண்ணிக் கணக்கப்புள்ள" என்றுதான் கூப்பிட்டார்கள், பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் விட்ட பள்ளிக்கூடத்துக்கு நான் மூன்று வருஷம் போனேன், எட்டாம் வகுப்பில் தேறாமல் கடை வேலைக்கு வந்தேன்.

உலகத்துத் தண்ணீர் தீருமா தீராதா என்று சொல்கிற படிப்பு உங்கள் அப்பாவுக்கு இல்லை. டெலிவிஷனில் பேசியவர் சொன்னது சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் அவர் குரல் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது அந்தத் திட்டில் மூங்கிலும் இல்லை, ஈரமும் இல்லை. தண்ணீர் விழுந்து குழிந்த கருங்கல் மட்டும் பாசி உதிர்ந்து வெளுத்துக் கிடக்கிறது. பீலி என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள், இன்னும் கொழுந்தெடுக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை.

முந்தாநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, உங்களிடமும் சொல்லாமல், பஸ் ஏறி அங்கே போனேன். எப்படியாவது கேட்டுவிட வேண்டும், அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிச்சிரு அக்கா என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாள், லயத்தில் ஓர் ஆள் இல்லை. தூறிக்கொண்டிருந்தது. பூட்டியிருந்த காம்பரா வாசலில் நான்கு பிளாஸ்டிக் கேன்கள் காலியாகச் சாய்ந்து கிடந்தன. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வந்தால் என்ன சொல்லித் தொடங்குவது என்று வரவே இல்லை. எழுந்து, இரண்டு இரண்டாகக் கேன்களை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன். ஏறும்போது இரண்டு இடத்தில் வழுக்கியது, நின்று நின்றுதான் ஏற முடிந்தது. நான்கையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, மூடிகளை இறுகத் திருகி, வெளியே படிந்திருந்த மண்ணை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அவள் மலையிலிருந்து இறங்குவதற்குள் பஸ்ஸுக்கு நடந்தேன்.