உத்திரத்து வளையம்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அப்பா விட்டுப்போன விடுதி என் கைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. பின்கட்டில் எட்டு அறைகள். முன்கட்டில் ஓட்டுக்கூரை போட்ட சாப்பாட்டுக் கூடம். கூடத்தின் குறுக்கே ஒரே மரத்தில் அறுத்த நீளமான உத்திரம், அதன் நடுவில் ஓர் இரும்பு வளையம். நான் பிறந்தபோது எனக்குத் தொட்டில் கட்டியது அந்த வளையத்தில்தானாம்.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு இப்போது பழசுதான் வேண்டும். ஆனால் அந்தப் பழசு பளிச்சென்று இருக்க வேண்டும். நானும் சென்னை வேலையை முடித்துக்கொண்டு வந்து, ‘பழமை மாறாமல்’ என்று பலகை எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சிவப்புக் காவி, உடைந்த ஓட்டுக்குச் செங்கோட்டையில் தேடிப் பிடித்த பழைய ஓடு. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கடைசியில் உத்திரத்தைப் பார்த்தேன். ஒரு விரல் கனத்துக்குக் கரி பிடித்திருந்தது.

காரணம் அடுக்களைதான். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே அரைச்சுவர் மட்டுமே இருந்தது. விறகடுப்புப் புகை அதற்கு மேலாக வந்து கூடத்துக் கூரையைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். முப்பது வருடமாக அங்கே சமையல் வேலை பார்க்கிற ஓர் அம்மா, ஓர் ஆள்கூட வராத ஐப்பசி மழையிலும் தினம் ஒரு பொழுது தென்னமட்டையைப் போட்டு அடுப்பைப் புகைய விடுவார். வெட்டி வேலை என்று நான் நினைத்தேன். சுவரைக் கூரைவரை எழுப்பி, உள்ளே கேஸ் அடுப்பு வைத்தேன். இரண்டு பேரை ஏணியில் ஏற்றி உத்திரத்தைச் சுரண்டச் சொன்னேன்.

அந்த அம்மா கரண்டியோடு வந்து ஏணிக்குக் கீழே நின்றார். “அண்ணாச்சி, கரியச் சுரண்டாதிய. புகை படுத மரத்துல உளுப் பூச்சி ஏறாது. நம்ம ஊர்ச் சாரலுக்கு அதுதான் காவல்.”

“எம்மா, நீங்க குழம்பப் பாருங்க. மரத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். ஏணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

கரிக்கு உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வெளிவந்தது. என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. தேக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். முதல் சீசனில் வந்தவர்கள் சோற்றை விட்டுவிட்டு அண்ணாந்து படம் எடுத்தார்கள்.

இரண்டாவது வருடச் சாரலில்தான் அது தொடங்கியது. காலையில் பெஞ்சைத் துடைக்கும்போது மஞ்சள் மாவு போல ஒரு கோடு, சரியாக உத்திரத்துக்கு நேர் கீழே. துடைத்தால் மறுநாளும் இருக்கும். மத்தியானம் போட்ட வாழையிலையில் பந்தி உட்காரும் முன்பே ஒரு சிட்டிகை விழுந்திருக்கும். எல்லோரும் அருவிக்குப் போய்விட்ட பிறகு கூடத்தில் தனியாக உட்கார்ந்தால், மேலே இருந்து கறக், கறக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். நான் உடனே எழுந்து ஃபேனைப் போட்டுவிடுவேன். ஃபேன் சத்தத்தில் அது கேட்காது.

மரத்தச்சரை அழைத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் அவர் கூடத்தை மூடச் சொல்வார், சீசன் போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. அதனால் உத்திரத்துக்கு அடியில் நெடுக வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினேன். வளையம் மட்டும் துணியைத் துளைத்துக்கொண்டு கீழே தொங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் சோறு போடுகிற இடத்திலேயே அதைச் செய்தேன். துணி அழகாக இருப்பதாக வந்தவர்கள் சொன்னார்கள். மாதம் ஒருமுறை அவிழ்த்து உதறினோம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாவது சாரல் வந்தபோது ஒரே வாரத்தில் துணி வயிறு தள்ளியது.

அந்த அம்மா தினமும் பந்தியெல்லாம் முடிந்தபின், உத்திரத்தின் நடுவுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். துணி கட்டிய மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார். கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆடியில் மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றின் மேல் விரலை வைத்துக் கேட்டாள். “அப்பா, என்னமோ மாவு மாதிரி கெடக்கே?”

துணியின் ஓரத்தில் கசிந்திருக்க வேண்டும். “தூசிம்மா. சாரக் காத்துல்லா” என்றேன்.

பேரன் பிறந்தான். முப்பதாம் நாள் தொட்டிலில் போடுவதென்று முடிவானது. வளையத்தில்தான் கட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நான் ஆடிய இடத்தில் அவனும் ஆட வேண்டும். அந்த அம்மா என்னைத் தனியாக அடுக்களைக்குள் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, வெளிய வேப்ப மரத்துல கட்டுவோம். இதுல வேண்டாம்.”

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுதிய?” என்று கத்திவிட்டேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றைக்குக் கூடம் நிறைய உறவுக்காரர்கள். என் மனைவியின் பட்டுச்சேலையில் தொட்டில் கட்டியாயிற்று. எங்கள் பக்கம் பிள்ளையைப் போடும் முன் அம்மிக் குழவிக்கு மஞ்சள் பூசித் தொட்டிலில் இட்டு நாலு ஆட்டு ஆட்டுவார்கள். கல்லைப் போல ஆயுசு கெட்டிப்பட வேண்டும் என்பதற்காக. அந்த அம்மா வந்தார். அவரும் இன்னொருவருமாகத் தூக்கி வந்தது அம்மிக் குழவி இல்லை. கொல்லையில் கிடந்த ஆட்டுரல் குழவி. கூடமே சிரித்தது.

“அம்மிக் கல்லு கைக்கு அம்புடல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, அதைத் தொட்டிலில் இறக்கினார். சேலை விறைத்து நின்றது. நாலு ஆட்டு ஆயிற்று. பத்தும் ஆயிற்று. அவர் நிறுத்தவில்லை.

“போதும், எடுங்க. பிள்ளையப் போடணும்” என்றேன்.

“முதப் பந்தி முடியட்டும்.”

எனக்குத் தலைக்கு ஏறியது. மகளிடம் போய்க் கைகளை நீட்டினேன். “கொண்டா. நானே கல்ல எடுத்துட்டுப் போடுதேன்.” அவள் பிள்ளையை மடியிலிருந்து தூக்கினாள். என் கை அவன் முதுகில் பட்டுவிட்டது. அந்தச் சூடு இப்போதும் கையில் இருக்கிறது.

பெரிய சத்தமே வரவில்லை. மரம் முறியவும் இல்லை. ஈரமான பொரியை அமுக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம். வளையம் தன் ஆணியோடு கழன்று வந்தது. குழவி தரையில் இறங்கிக் காவித் தரையைப் பிளந்தது. துணி கிழிந்து, அது வயிற்றில் வைத்திருந்ததெல்லாம் கூடத்தின் மேல் கொட்டியது. இலைகளும் பாயசமும் எங்கள் தலைகளும் மஞ்சளாயின. மேலே வளையம் இருந்த இடத்தில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து தெரிந்தது. மரத்துக்குள் மரமே இல்லை.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். அந்த அம்மா மட்டும் அடுக்களை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். மறுநாள் பார்த்தேன், அம்மிக் குழவி எப்போதும் போல அம்மியின் மேல்தான் இருந்தது. அதை வைத்து ஆட்டியிருந்தால் வளையம் அசைந்திருக்காது. நாலு ஆட்டு முடிந்ததும் பிள்ளையைப் போட்டிருப்பேன்.

ஆனால் அன்று என்னைக் கொன்றது அதுவல்ல. மகள் வேப்ப மரத்தடியில் நின்று பிள்ளையின் நெற்றியில் அப்பியிருந்த மாவை ஒரு விரலால் வழித்தாள். என்னிடம் வந்து அந்த விரலைக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

“இதுவும் தூசிதானா அப்பா?”