அன்னாசிக்கு அடித்த பெரட்டு மணி

எனக்கு எழுத்து ஓட்டமாக வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. நடந்ததும் முன்பின்னாக மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காகப் பால்மரம் வெட்டி ஓய்ந்தபின், மகனோடு லுக்குட்டுக்கு வந்துவிட்டேன். வரிசை வீடு. சமையலறைக் கதவுக்கும் சாக்கடைக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவுக்கு மண் உண்டு. பசாரில் வாங்கிய அன்னாசிப் பழங்களின் கொண்டையைத் திருகி அதில் ஒரு வரிசை நட்டேன். இடுப்பு உயரம் வளர்ந்தன. ஒன்றுகூடப் பூக்கவில்லை.

"அம்மா அன்னாசி வளக்கல, முள்ளுவேலி போடறாங்க" என்பான் மகன். போன ஆடியில் முடிவாகவே சொல்லிவிட்டான். "தீபாவளிக்குள்ள ஒன்னாச்சும் பூத்தா விட்டுடறேன். இல்லன்னா சிமெண்டு போட்டு மோட்டார் சைக்கிளை அங்க நிறுத்தணும்லா."

எதிர்த்துப் பேச எனக்கு வராது. அந்த மண்ணும் போனால் இந்த வீட்டில் என் கைக்கு வேலை ஏது?

அப்போதுதான் பால்மர மருந்து ஞாபகத்துக்கு வந்தது. வெட்டின கோட்டுக்குக் கீழே தூரிகையால் தடவச் சொல்லி, எங்களை மேய்க்கிற மண்டோர் கொடுப்பார். தடவின மரத்தில் பால் சீக்கிரம் உறையாது. வெயில் ஏறின பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். அன்னாசிக்கும் அதைத்தான் அடிப்பார்கள் என்று யாரோ சொன்ன ஞாபகம். மருமகளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உரக்கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்து தந்தாள்.

நான் அவளைக் கேட்காமலே கத்தியை எடுத்தேன். ஓரமாக இருந்த இரண்டு செடிகளின் அடி இலையை உரித்து, தண்டைச் சாய்வாகச் சீவி, மருந்தைத் தடவினேன். அவள் துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்துச் சிரித்தாள்.

"கத்தியக் கீழ வைங்க அத்தை. எவ்வளவு கோடு போட்டாலும் இதுல பால் வராது. தண்ணியில கலந்து நடுக் குருத்துல ஊத்தணும்."

"எல்லாம் ஒரே மருந்துதான, ஆயி?"

"மருந்து ஒன்னுதான். செடிக்குள்ள போனா ஒரு வாயுவா மாறும். அது ஒரு ஹார்மோன். செடி தானாவும் அதைச் செய்யும். செய்யற நொதிக்குத் துளி இரும்பு வேணும். வாயு வந்திருச்சுன்னு செடிக்குத் தெரியறதுக்குப் பொட்டுச் செம்பு வேணும். தெரிஞ்சாத்தான் மத்த நொதிங்க வேலையில எறங்கும்."

தோட்டத்தில் விடியுமுன் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அது பெரட்டு மணி. காதில் விழுந்ததும் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்போம், மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

"அப்போ வாயுதான் மணி, செம்புதான் காது. நம்ம செடியில இரும்பு இல்லியா?"

"எல்லாம் இருக்கும். ரொம்பச் சாப்பாடு போட்டு வளத்துட்டீங்க, உங்க மகன் மாதிரி. மணியடிக்கச் சோம்பேறித்தனம்."

அடுத்த நாள் வெயிலுக்கு முன்னால் இருவருமாக ஒவ்வொரு குருத்திலும் ஊற்றினோம். நான் சீவின இரண்டும் மஞ்சளாகிச் சாய்ந்தன. மற்றவை அப்படியே நின்றன. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் குருத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். வெறும் பச்சைதான்.

தீபாவளி நெருங்க, மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிவந்தான். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். பின்பக்கமிருந்து கொத்தனார் குரல் கேட்டது.

"எங்கங்க ஊத்தறது? எல்லாம் சிவந்துல்ல நிக்குது."

போய்ப் பார்த்தேன். காலையில் ஊரிலிருந்து போன் வந்ததில் அன்றைக்குக் குனிந்து பார்க்க மறந்திருந்தேன். அதற்கு முன் இரண்டு மூன்று நாளாகவே குருத்துகளுக்குள் சிவப்பு மாதிரித் தெரிந்தது. என் கண்ணை நம்பாமல் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சீவாத செடி அத்தனையிலும் நடுவில் குங்குமச் சிவப்பு. ஒன்று முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. பெரட்டுக்கு நின்ற ஆட்கள் மாதிரி வரிசையாக நின்றன.

மகன் தலையைச் சொறிந்தான். "முன்வாசல் கேட்டுப் பக்கமா சிமெண்டு போட்டுக்கலாம், அண்ணே."

"எனக்கு ஒரு பழம் எடுத்து வைங்கம்மா" என்றார் கொத்தனார்.

தை மாதம் எல்லாம் ஒன்றாகப் பழுத்தன. தெருவில் எந்த வீட்டையும் நான் விடவில்லை. கூச்சம் எங்கே போனதோ, நானே தட்டோடு போய்க் கதவைத் தட்டினேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மகன் ஒரு பழத்தைத் தனியாகவே தின்றான். கொண்டைகளை எல்லாம் மறுபடி நட்டாயிற்று.

வாயுவைச் செய்ய இரும்பு, கேட்கச் செம்பு என்று எழுதியிருக்கிறேன். மாற்றி எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன். படித்தவர் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அன்னாசி பூத்ததை மட்டும் திருத்த வேண்டாம், அதை நானே பார்த்தேன்.