புரட்டாமல் எடுத்த நகல்

ஆர்டித் லிண்டாலை ரெண்டு தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவைக்குத் திரும்ப மாட்டாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், இன்ஜின் இரைச்சலில் காது மந்தமாகியிருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கடைசி சீட்டில் ஒரு பிள்ளை மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் அவளுக்குக் கேட்கும். அவள் பெயர் மட்டும்தான் கேட்காது.

நான் டார்லா. முடி வெட்டுகிறவள். நாற்பது வருஷமாக மினசோட்டாவின் வடக்குக் கோடியில் இருக்கிற இந்த ஏரிக்கரை ஊரின் தலைகள் என் கையில்தான் இருக்கின்றன. ஆர்டித்துக்கு வலது நெற்றி ஓரத்தில் ஒரு சுழி. எவ்வளவு தண்ணீர் தெளித்து வாரினாலும் அந்த இடத்து முடி சேவல் கொண்டை மாதிரி எழுந்து நிற்கும். ஆளும் அப்படித்தான், வளைந்து கொடுக்கிற ரகமில்லை. கல்யாணம் வேண்டாமென்றாள், அம்மாவோடு கடைசிவரை இருந்தாள். பஸ் கண்ணாடியில் பனி உறைந்து கிடந்த காலைகளில்கூட ஏழு பத்துக்கு முதல் வீட்டு வாசலில் நிற்பாள்.

அவளுக்கு ஒரு இரட்டை இருந்தாள், ஏவிஸ். ஐந்து வயதில் ஏரிப் பனி உடைந்து முழுகிப் போனாள். ஏப்ரல் மாதம், பனி மேலே கெட்டியாகத் தெரிந்து உள்ளே இற்றுப்போயிருக்கிற காலம். அதன் பிறகு அம்மா அந்தப் பிள்ளையின் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள். வீட்டில் மிஞ்சியது ஆர்டித்தின் படம் ஒன்றுதான். மீன்பிடிக் கொட்டகை முன்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண் குழந்தை. பின்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் 'ஆர்டித், மார்ச் 1958' என்று இருக்கும், பனி உடைந்ததற்கு முந்தின மாதம். அம்மா இருந்தவரை அவள் கட்டிலோரம் இருந்த படம், அப்புறம் ஆர்டித்தின் குளியலறைக் கண்ணாடி ஓரத்துக்கு வந்தது.

அந்த அம்மா முதியோர் இல்லத்தில் கிடந்த கடைசி வாரம் நான்தான் போய் முடி வெட்டினேன். கிழவி கண்ணைத் திறக்காமல், "ஏவிஸ்" என்றாள். ஜன்னல் பக்கம் நின்ற ஆர்டித் உடனே திரும்பி, "இருக்கேம்மா" என்றாள். செத்த பிள்ளையைக் கூப்பிடுகிறாள், இவளும் ஈடுகொடுக்கிறாளே என்று நான் மூக்கைச் சிந்தினேன். முட்டாள் நான், வேறெதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் கூடுவோம். ஆளுக்கொரு தடி நோட்டு. அதில் சொந்தப் படங்களை ஒட்டி, சாயம் பூசி, ஓரத்தில் மனசில் பட்டதை எழுதுவோம். மார்லிஸ் ட்வீட் தலைவி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள், இன்னமும் எல்லோரையும் வாயைத் திற என்கிற தொனியில்தான் பேசுவாள். அவளுக்கு ரெண்டே சட்டம். அசலை ஒட்டாதே, நகலை ஒட்டு. நகல் எடுக்கும்போது படத்தைப் புரட்டு.

ஏனென்றால், நகலைப் பசை பூசிய பக்கத்தில் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து ஒட்டுவோம். ஒரு வாரம் காய்ந்ததும் முதுகை ஈரப்படுத்தி விரலால் தேய்த்தால், காகிதம் அழுக்கு மாதிரி உருண்டு வந்துவிடும், மை மட்டும் பக்கத்தில் தங்கும். ஆனால் இடம் வலமாக மாறித் தங்கும். அதனால் முதலிலேயே புரட்டி அச்செடுக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்துபோனேன், என் வீட்டுக்காரரின் தொப்பியில் இருந்த எழுத்தெல்லாம் முகம் காட்டாமல் முதுகு காட்டின. அன்றையிலிருந்து எங்கள் கூட்டத்தில் வணக்கத்துக்குப் பதிலாகவே, "புரட்டிட்டியா?" என்றுதான் கேட்போம்.

போன மார்ச்சில் ஆர்டித் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். அவள் கண்ணில் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்க்கிற முகம் மட்டும் தெரியாது. டாக்டர் ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார்.

"அதுக்குள்ள ஏவிஸுக்கு ஒரு பக்கம் பண்ணணும். அவ மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல. ஒரே ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்."

"படமே இல்லாம எப்படிடீ பக்கம் பண்ணுவ?" என்றேன்.

"நாங்க எதிரெதிரா நின்னு நெத்தியை முட்டிக்குவோம். அப்போ ரெண்டு சுழியும் ஒரே இடத்துல ஒட்டிக்கும். கண்ணாடி முன்னால நிக்கிற மாதிரி. எனக்கு வலதுன்னா அவளுக்கு இடது. மத்தபடி அச்சு அசல்."

மார்லிஸுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. "அப்ப இந்த ஒரு தடவை புரட்டாதே! உன் படத்தை அப்படியே நகல் எடுத்துக் கவிழ்த்து ஒட்டு. தேய்ச்சா மாறி வரும். நீ உன் தங்கச்சியா வருவே."

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. எலுமிச்சை கேக் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நகலை மார்லிஸே எடுத்து வந்தாள், படத்தை நான் கையில் வாங்கவில்லை. ஆர்டித் பக்கத்தின் தலையில் A, V, I, S என்று ரப்பர் அச்சால் முதலிலேயே குத்தி வைத்தாள். கீழே நகலைக் கவிழ்த்து ஒட்டி நோட்டை என் கடையில் காயவைத்தோம். அந்த வாரம் முழுக்க அது அலமாரியில் இருந்தது. வெள்ளைக் காகிதத்தின் முதுகு, அதற்கு அந்தப் பக்கம் பசைக்குள் முகம் புதைத்துக்கொண்டு ஒரு பிள்ளை. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவே இல்லை.

அடுத்த வியாழன் தேய்த்தோம். அவள் விரல்தான் தேய்த்தது, கண் என்னுடையது.

"சொல்லு டார்லா. என்ன வருது?"

"கொட்டகைக் கதவு வருது. கோட்டு பட்டன் வருது. தாடை... மெதுவாத் தேய், மூக்கு போயிடும். சிரிப்பு வந்துடுச்சு."

"சுழி?"

ஈரக் காகிதம் உருண்டு விலகியது. நெற்றி வந்தது. கொண்டை முடி எழுந்து நின்றது. நான் தலையைத் தூக்கி எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன், மறுபடி பக்கத்தைப் பார்த்தேன். முடி வெட்டுகிறவள் இடம் வலம் தப்பாகச் சொல்ல மாட்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வாய் வரவில்லை.

"வலது பக்கம் இருக்கு."

"இடதுதானே வரணும்?"

"வலதுதான், ஆர்டித். அப்படியே உன்னை மாதிரி. நீயேதான் உட்கார்ந்திருக்க."

"மார்லிஸ், நீ பழக்க தோஷத்துல புரட்டிட்ட."

"சத்தியமா இல்ல!" மார்லிஸ் அசல் படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். புரட்டவில்லைதான். அசல் படத்துப் பிள்ளைக்குச் சுழி இடது நெற்றியில் இருந்தது.

"அது எப்படி?" என்றாள் ஆர்டித். "தினம் கண்ணாடியில பார்க்கிறேனே. என் முகமும் அந்தப் படமும் பக்கத்துப் பக்கத்துல. சுழி ரெண்டுலயும் ஒரே பக்கம்."

அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் கண்ணாடியைப் பார்த்தே தலை வாரியவள் அல்லவா?

"கண்ணாடி புரட்டித்தான் காட்டும்டீ. படம் புரட்டாது. கண்ணாடியில தெரியற உன்னை மாதிரியே ஒரு படம் இருந்தா, அது நீ இல்ல."

வெளியே யாரோ நடைபாதைப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டித் அசல் படத்தைத் திருப்பி, அம்மாவின் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"கோட்டை மாத்திக்கிட்டோம்," என்றாள். "அன்னிக்கு. என்னோடது நீலம், கை குட்டையா இருந்துச்சு. அவளோட சிவப்பு வேணும்னு நான் அழுதேன். காலர்ல பேர் தைச்சிருப்பாங்க அம்மா. அவ பனிக்குள்ள போனதும் நான் கரையில நின்னேன். அம்மா ஓடி வந்து சிவப்புக் கோட்டைக் கட்டிப் பிடிச்சு, ஆர்டித், ஆர்டித்னு கத்தினாங்க. நான் இல்லன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவ்வளவு சந்தோஷமா அழுதாங்க. அதனால பேசாம இருந்துட்டேன். நாளாக ஆக நானே ஆர்டித்னு நம்பிட்டேன்."

மார்லிஸ் மெதுவாக, "பெத்தவளுக்கு அப்புறமாவது தெரியாமப் போயிருக்குமா?" என்றாள்.

"தெரியாம எப்படி? அதுக்கப்புறம் அவங்க ஒரு நாள்கூட எனக்குத் தலை வாரி விட்டதில்ல. எந்நேரமும் கம்பளித் தொப்பியை இழுத்து நெத்தியை மூடிவிடுவாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பாக வரவில்லை. "அவதான் அம்மாவுக்குச் செல்லம். அடுப்புல போட்டது என் படங்களை. கட்டிலோரம் வச்சுக்கிட்டது அவ படத்தை."

செத்துப்போன கிழவிமேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மே மாதக் கடைசியில், ஊரே கல்லறைக்குப் பூ கொண்டுபோகிற நாளில், வருஷா வருஷம் இவள் செம்பருத்தித் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், ஏவிஸ் என்று வெட்டிய கல் முன்னால் வைத்துவிட்டு வருவாள். நான்தான் காரில் கூட்டிப் போவேன்.

மார்லிஸ் பாவம், கை சும்மா இருக்காது. தப்பான பக்கத்தை மூடுகிற வெள்ளைச் சாயத்தை எடுத்துத் தூரிகையில் தோய்த்துவிட்டாள். "இதை அடிச்சு மறைச்சிடலாம். புதுசா வேற ஒண்ணு..."

ஆர்டித் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ் ஸ்டீயரிங் பிடித்த கை. "தொடாதே. பக்கம் சரியாத்தான் வந்திருக்கு."

நான் மறுபடி பார்த்தேன். தலையில் ஏவிஸ் என்ற பெயர். அதற்குக் கீழே வலது சுழியோடு எதிரே உட்கார்ந்திருப்பவளின் முகம். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை.

"அவ மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்னுதானே வந்தேன்?" என்றாள் அவள். "தினம் பல் விளக்கும்போது பார்த்துட்டுத்தான் இருந்திருக்கேன். நான் பார்க்காதது என்னைத்தான்."

அசல் படத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். சுவரைத் தொட்டுத் தொட்டுப் படியேறினாள். நோட்டு மேசைமேலேயே கிடந்தது.

"ஆர்டித்!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. வழக்கம்போல ரெண்டாவது தடவை கூப்பிட வாயெடுத்தேன். அந்தப் பெயர் வரவில்லை. வேறொன்று வந்தது, அதுவும் காற்றாகத்தான் வந்தது, பக்கத்தில் நின்ற மார்லிஸுக்கே கேட்டிருக்காது.

"ஏவிஸ்."

மேல்படியில் கால் வைத்தவள் சட்டென்று திரும்பினாள்.

"இருக்கேன்," என்றாள்.